நான் தப்பினேன், பக்கத்து வயல் அண்ணன் இறந்தார்: இதை ஆராதனையில் சாட்சியாகச் சொல்லலாமா?

கேட்பவர்: பொறையார் விவசாயி

அனைவருக்கும் வணக்கம். தரங்கம்பாடிக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் எங்கள் ஊர் இருக்கிறது. நான்கு தலைமுறையாக லுத்தரன் சபையைச் சேர்ந்த குடும்பம் எங்களுடையது. சொந்தமாக மூன்று மா நிலமும் குத்தகைக்கு ஏழு மாவும் வைத்துச் சாகுபடி செய்கிறேன். நான் கேட்க வந்திருப்பது விசுவாசத்தைப் பற்றிய கேள்விதான் என்றாலும், நடந்ததை முதலில் சொல்லாமல் அதைக் கேட்க முடியவில்லை.

இந்தக் கார்த்திகையில் மூன்று நாள் மழை விடாமல் பெய்தது. தூர் கட்டியிருந்த சம்பாப் பயிர் தண்ணீருக்குள் நின்றது. மூன்றாம் நாள் விடியற்காலை நாலரை மணிக்கு, வடிகால் வாயை வெட்டிவிட்டு வரலாம் என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். வீட்டிலிருந்து வயலுக்குப் பத்து நிமிட நடை. பாதி வழியில், வாய்க்கால் மதகைத் தாண்டும் இடத்தில், என் கால் நின்றுவிட்டது. "திரும்பிப் போ" என்று யாரோ காதில் சொன்னதாக எழுதினால் அது பொய்யாகும். குரல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் இப்போது போகக் கூடாது என்பது அந்த நொடியில் எனக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது என்பதை இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. டார்ச்சில் வெளிச்சம் மங்கிவிட்டது, வேறு செல் போட்டுக்கொண்டு வருவோம் என்று எனக்கு நானே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

திரும்பும் வழியில் பக்கத்து வயல் அண்ணன் எதிரே வந்தார். தலையில் சாக்கை முக்காடாகப் போட்டிருந்தார். "செல் மாற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை அசைத்துவிட்டு நடந்தார். எனக்கு மனம் சரியில்லை என்றோ, விடியட்டும் அண்ணே என்றோ நான் அவரிடம் சொல்லவில்லை.

தென்னை மட்டை விழுந்து, மோட்டார் கொட்டகைக்குப் போகும் மின்கம்பி இரவில் அறுந்திருக்கிறது. அது என் வயலின் மடைவாய் ஓரத்தில், தண்ணீருக்குள் கிடந்திருக்கிறது. அவர் தம் வரப்பை விட்டு என் மடைப் பக்கம் ஏன் வந்தார் என்பது எனக்கு இதுவரை விளங்கவில்லை. நான் மறுபடி போனபோது அவர் அங்கே விழுந்து கிடந்தார். ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தேன். சைக்கிளில் வந்த பால்காரர் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டார். பிறகு மின்சாரத்தை நிறுத்தினார்கள். எல்லாம் முடிந்திருந்தது.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் இதைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று சபையில் கேட்கிறார்கள். "கர்த்தர் உன்னைத் தடுத்து நிறுத்தினார், அதை மறைக்கலாமா" என்கிறார்கள். அதுவரைக்கும் சரி. சபையில் பெரியவர் ஒருவர், "நீ கர்த்தரை அறிந்தவன், அதனால் உன்னைத் திருப்பினார், அவர் அறியாதவர்" என்றார். அந்தச் சொல்லைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணனும் நானும் இருபது வருடமாக ஒரே வடிகாலில் தண்ணீர் விட்டவர்கள். மாரியம்மன் திருவிழாவுக்கு அவர் வீட்டுப் பலகாரம் எங்கள் வீட்டுக்கு வரும். கிறிஸ்துமஸ் அச்சுமுறுக்கு எங்கள் வீட்டிலிருந்து அங்கே போகும். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தபோது அண்ணி என்னைப் பார்த்து, "உன்னைத் திருப்பி அனுப்பிய சாமி, இவரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா தம்பி" என்று கேட்டார். அதில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அந்தத் தடுமாற்றம் தேவனுடைய வழிநடத்துதல்தானா, அல்லது மழை இருட்டில் எவருக்கும் வரக்கூடிய பயமா என்பதை எதைக் கொண்டு அறிவது? அது தேவனிடமிருந்து வந்தது என்றால், அண்ணனுக்கும் சேர்த்துத்தான் வந்ததோ, அதைச் சொல்ல வேண்டிய வாய் என்னுடையதாக இருந்து நான்தான் சொல்லாமல் விட்டேனோ என்ற எண்ணம் என்னை விடவில்லை. இந்த நிலையில் நான் எழுந்து நின்று சாட்சி சொல்வது சரியா? அறிந்தவர்கள் பொறுமையாக எழுத வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற லைன்மேன், மன்னார்குடி

தம்பி, நான் வேதம் கற்பிக்கத் தகுதி உள்ளவன் அல்லன். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவன், அவ்வளவுதான். ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் கம்பியோடு வேலை செய்திருக்கிறேன், ஆகையால் உங்கள் மூன்று கேள்விகளில் நடுவில் உள்ளதற்கு மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அறுந்த கம்பி தரையைத் தொட்டால் உடனே பியூஸ் போய்விடும் என்று பலரும் நினைக்கிறார்கள். எப்போதும் அப்படி நடப்பதில்லை. மண்ணின் வழியாகத் திரும்பும் மின்னோட்டம் பியூஸ் கம்பியை உருக்கும் அளவுக்கு இல்லாமல் போனால், கம்பி உயிரோடு அப்படியே கிடக்கும். சத்தமோ பொறியோ வராது. வயலில் தேங்கிய தண்ணீருக்குள் கிடந்தால் பட்டப்பகலில் கூடக் கண்ணுக்குத் தெரியாது. கம்பி விழுந்த இடத்தைச் சுற்றி, அருகில் அதிகமாகவும் தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் மண்ணில் மின்அழுத்தம் பரவியிருக்கும். அதற்குள் காலை அகட்டி வைத்து நடக்கிறவனுக்கு, கம்பியைத் தொடாமலே, இரு கால்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டால் அதிர்ச்சி ஏறும். அதனால்தான் அப்படிப்பட்ட இடத்தில் சிக்கினால் இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து, தரையை விட்டு எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து வெளியே வரச் சொல்வோம்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், நீங்கள் "விடியட்டும் அண்ணே" என்று சொல்லியிருந்தாலும், மூன்று நாளாகப் பயிர் மூழ்கிக் கிடக்கும்போது எந்த விவசாயியும் அந்தச் சொல்லுக்காக நின்றிருக்க மாட்டார். உங்களுக்குக் கம்பி அறுந்தது தெரியாது. தெரிந்திருந்து சொல்லாமல் விட்டிருந்தால்தான் அது குற்றம். மனம் சரியில்லை என்பதை அடுத்தவரிடம் சொல்லும் வழக்கம் நம் ஊரில் எந்த ஆண்பிள்ளைக்கும் இல்லை.

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்க வேண்டும். அன்று உங்கள் உயிர் இரண்டு முறை காக்கப்பட்டது. முதல் முறைக்கு ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். அண்ணனைத் தூக்கக் கையை நீட்டியிருந்தால் நீங்களும் அங்கேயே விழுந்திருப்பீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் அடுத்தவரும் சேர்ந்து இறந்ததை நான் என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். பால்காரர் சட்டையைப் பிடித்து இழுத்தது எந்த உள்ளுணர்வாலும் அல்ல, அப்படித் தொடக் கூடாது என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்ததால். அதுவும் ஆண்டவர் நடத்தும் விதம்தான் என்று நான் நம்புகிறேன். அவருக்கு நன்றி சொன்னீர்களா?

பதில்: வேன் ஓட்டுநர், திருவாரூர்

சகோதரருக்கு ஸ்தோத்திரம். நான் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவன். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. பரிசுத்த ஆவியானவர் தடுப்பார்; தடுக்கிறார். பவுல் ஆசியாவில் வசனத்தைச் சொல்லப் புறப்பட்டபோது ஆவியானவர் தடை செய்தார் என்றும், பித்தினியாவுக்குப் போகப் பார்த்தபோதும் போகவிடவில்லை என்றும் அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எப்படித் தடுத்தார் என்று அங்கேயும் எழுதப்படவில்லை. மதகடியில் உங்கள் கால் நின்றதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு மார்கழிப் பனியில், வேளாங்கண்ணிக்குப் போகும் குடும்பம் ஒன்றை ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைச் சாலையில் வந்துகொண்டிருந்தேன். பத்தடிக்கு மேல் பார்வை இல்லை. வண்டியை நிறுத்து என்று உள்ளத்தில் பலமாக உணர்ந்தேன். நிறுத்தி, விளக்கை எரியவிட்டு, டீ குடிக்கலாமா என்று பின்னால் இருந்தவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வந்த ஒருவர், கரை சரிந்து சாலையில் பாதி ஆற்றுக்குள் போய்விட்டது என்று சொன்னார். நான் நிறுத்திய இடத்திலிருந்து அது ஐம்பது அடி கூட இருக்காது. வண்டிக்குள் கைக்குழந்தையோடு ஒன்பது பேர் இருந்தார்கள்.

பனியில் நிறுத்துவது எந்த ஓட்டுநருக்கும் தோன்றக்கூடியதுதானே என்று கேட்பார்கள். உண்மைதான். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பனி நாட்களில் நான் நிறுத்தாமல் ஓட்டியிருக்கிறேன். அன்று நிறுத்தினேன். வித்தியாசத்தை நான் இப்படித்தான் அறிகிறேன்: பயம் வந்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும், ஒரே நேரத்தில் பத்து யோசனை ஓடும், ஆவியானவர் உணர்த்தும்போது ஒரே ஒரு காரியம்தான் தெரியும், அதுவும் அமைதியாகத் தெரியும். ஏமாறியதும் உண்டு. ஒருமுறை ஆண்டவர் சொன்னார் என்று நினைத்து எடுத்த முடிவில் பணத்தை இழந்தேன். இன்னொரு முறை எந்த உணர்த்துதலும் இல்லாமல் லாரியில் மோதி ஆறு மாதம் காலைத் தூக்க முடியாமல் படுத்திருந்தேன். அதனால், உணர்வு வந்ததெல்லாம் ஆண்டவருடையது என்று நான் சொல்ல மாட்டேன்.

சாட்சி விஷயத்தில் என் கருத்து உறுதியானது. குணமாக்கப்பட்ட குஷ்டரோகிகள் பத்துப் பேரில் ஒருவன்தான் திரும்பி வந்து மகிமைப்படுத்தினான், மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார். ஒருவருடைய துக்கத்துக்காக நீங்கள் வாயை மூடிக்கொண்டால் அந்த ஒன்பது பேரில் ஒருவராகிவிடுவீர்கள். சபைப் பெரியவர் பேசியது தவறு. அவர் தவறாகப் பேசினார் என்பதற்காக ஆண்டவருக்குச் செலுத்த வேண்டிய நன்றியை நிறுத்தக் கூடாது.

பதில்: நாகை வாசகி

நான் கத்தோலிக்கப் பெண். உங்கள் அண்ணி கேட்ட கேள்வியை என் அம்மா என்னிடம் கேட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. முந்தைய நாள் கிறிஸ்துமஸ் என்பதால் வேளாங்கண்ணியில் கூட்டம் நிரம்பியிருந்தது. நானும் தங்கையும் அதிகாலையிலேயே போயிருந்தோம். திருப்பலி முடிந்ததும் அவள் கடலைப் பார்க்கப் போகலாம் என்றாள். எனக்கு இன்னொரு ஜெபமாலை சொல்ல வேண்டும் போலிருந்தது. நீ போ, வந்துவிடுகிறேன் என்றேன். ஒன்பது மணியை ஒட்டி அலை வந்தது. கடற்கரையிலும் கடைத்தெருவிலும் இருந்தவர்கள் நூற்றுக்கணக்கில் போனார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் அன்று இறந்தார்கள். தங்கையை நாங்கள் மூன்றாம் நாள் கண்டெடுத்தோம்.

ஜெபமாலைதான் உன்னைக் காப்பாற்றியது, மாதா உன்னைக் கையில் பிடித்துக்கொண்டார்கள் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். அன்போடுதான் சொன்னார்கள். ஒவ்வொரு முறை அது சொல்லப்படும்போதும் என் அம்மா எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவார்கள். ஒருநாள் இரவு, "அவளும்தானே ஜெபமாலை சொல்லுவாள்" என்றார்கள். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. அதன்பின் பல ஆண்டுகள் நான் தப்பியதற்காக ஒருமுறை கூட நன்றி சொன்னதில்லை. சொன்னால் அவளைக் கடலிடம் விட்டுக்கொடுப்பதாகிவிடும் என்று நினைத்தேன்.

வேளாங்கண்ணி ஆலயத்தின் மரபே கடலில் தப்பியவர்களின் நன்றியில் பிறந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பதினேழாம் நூற்றாண்டில் புயலில் சிக்கிய போர்ச்சுக்கீசிய மாலுமிகள் மாதாவிடம் வேண்டிக்கொண்டு, செப்டம்பர் 8 அன்று இந்தக் கரையில் ஒதுங்கி, நேர்ந்துகொண்டபடி கோயில் எழுப்பினார்கள் என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தோம். அந்த மாலுமிகள் ஒதுங்கிய அதே கரையில்தான் என் தங்கை போனாள். இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொள்ள எனக்கு நெடுங்காலம் பிடித்தது.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லி அழுதபோது ஒரு வயதான பங்குத்தந்தை எந்த விளக்கமும் தரவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்றார். மூவரும் ஆலயத்துக்குப் பின்னால் மரநிழலில் உட்கார்ந்திருந்தோம். அவர்தான் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரைப் பற்றிச் சொன்னார். 1521இல் பாம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு காலைச் சிதைத்துச் சாவின் விளிம்புவரை போனவர் அவர். படுக்கையில் கிடந்த மாதங்களில், தம் மனதில் எழும் எண்ணங்களில் எது போன பின்பும் ஆறுதலை விட்டுச் செல்கிறது, எது வறட்சியை விட்டுச் செல்கிறது என்று கவனிக்கக் கற்றுக்கொண்டார். பின்னாளில் அவர் கற்பித்த பகுத்தறிதலின் தொடக்கமே அதுதான். எண்ணம் வரும் அந்த நொடியைக் கொண்டு மட்டும் முடிவு செய்யாதே, அது உன்னை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார் என்றார் தந்தை. திருவாரூர் சகோதரர் உள்ளத்து அமைதியைப் பற்றி எழுதியிருக்கிறார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று காலை எனக்கு எந்த அமைதியும் இல்லை, தடுப்பும் இல்லை. ஜெபமாலை சொல்ல ஆசையாக இருந்தது, சொன்னேன். இன்னும் அது என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று, அம்மாவும் நானும் சேர்ந்து மெழுகுவத்தி ஏற்றும்போது, தங்கைக்காக மன்றாடிய பின் நான் உயிரோடிருப்பதற்காக அம்மாவே வாய்விட்டு நன்றி சொல்கிறார்கள். நான் இன்றும் முதலில் சொல்வதில்லை.

நீங்கள் ஆராதனையில் பேசுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்யும் முன் அண்ணியிடம் போங்கள். அவர் உங்களிடம் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாது என்றாவது அவரிடமே சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சை

எனக்கு முன் எழுதிய மூவரும் தங்கள் தங்கள் அனுபவத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள். வேதபாடம் நடத்திய பழக்கத்தில், நான் சபைப் பெரியவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதை விட்டுவைத்தால் சாட்சி எப்படிச் சொன்னாலும் கெட்டுப்போகும் என்று அஞ்சுகிறேன்.

சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தார்கள். எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளாயிருந்தார்கள் என்று நினைக்கிறீர்களோ என்று இயேசு கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொன்னார் (லூக்கா 13). விபத்தில் இறந்தவரைப் பற்றி நம் ஆண்டவர் நேரடியாகப் பேசிய இடம் அது. இறந்தவர்களுடைய கணக்கை அவர் எடுக்கவில்லை. உயிரோடு நின்று கேட்டவர்களை மனந்திரும்பச் சொன்னார். "அவர் அறியாதவர், அதனால் போனார்" என்ற பேச்சுக்கு இதற்கு மேல் மறுப்பு வேண்டியதில்லை.

ஆனாலும் இன்னோர் இடம் எனக்கு இதைவிட நெருக்கமானது. அப்போஸ்தலர் நடபடிகள் 28ஆம் அதிகாரத்தில், மெலித்தா தீவில் கப்பல் உடைந்து கரையேறிய பவுல், குளிருக்குத் தீ மூட்ட விறகைப் போடும்போது விரியன் பாம்பு அவர் கையைக் கவ்வியது. அந்தத் தீவார் முதலில், இவன் கொலைபாதகன், கடலுக்குத் தப்பியும் பழி இவனை விடவில்லை என்றார்கள். அவர் வீங்காமலும் விழாமலும் இருப்பதைக் கண்டதும், இவன் தேவன் என்றார்கள். இரண்டுமே தவறு. பாம்பு கடித்ததைக் கொண்டு ஒருவனை இன்னான் என்று தீர்மானித்ததும் தவறு. பிழைத்ததைக் கொண்டு தீர்மானித்ததும் தவறு. பவுல் அங்கே நின்று தமக்காக ஒரு விளக்கமும் தரவில்லை. பாம்பை உதறிவிட்டு, தீவின் முதலாளியுடைய தகப்பன் காய்ச்சலில் கிடந்ததைக் கேள்விப்பட்டு, அவனிடம் போனார்.

அதற்கு முந்தைய அதிகாரத்தையும் நீங்கள் ஒருமுறை அமைதியாக வாசிக்க வேண்டும், ஏனெனில் உங்கள் முதல் கேள்விக்கு அங்கேதான் வெளிச்சம் இருக்கிறது. புறப்படும் முன்பே, காலம் கடந்துவிட்டது, இந்தப் பயணம் சேதத்தில் முடியும் என்று பவுல் எச்சரித்தார். அது தரிசனமாகச் சொல்லப்படவில்லை. பலமுறை கடலில் போனவரின் கணிப்பாகவே படிக்கும்போது தெரிகிறது. நூற்றுக்கு அதிபதி மாலுமியின் பேச்சை நம்பினான். புயல் நடுவில் தேவதூதன் வந்து, உன்னோடேகூட யாத்திரை பண்ணுகிற யாவரையும் தேவன் உனக்குத் தயவுபண்ணினார் என்று சொன்னான். அந்த 276 பேரில் கைதிகளும் சேவகரும் மாலுமிகளும் இருந்தார்கள். பெரும்பாலோர் பவுலின் தேவனை அறியாதவர்கள். அவ்வளவு தெளிவான வாக்கு கிடைத்த பிறகும், கப்பலாட்கள் படகில் நழுவப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பமாட்டீர்கள் என்று பவுல் சொல்ல, சேவகர் கயிற்றை அறுத்தார்கள். கணிப்பு, தரிசனம், அறுத்த கயிறு, கடைசியில் பிடித்து நீந்திய பலகைத் துண்டு ஆகிய எல்லாவற்றையும் லூக்கா ஒரே கதையாகச் சொல்கிறார். இது தேவனுடையது, இது மனிதனுடையது என்று பங்கு பிரிக்கவில்லை. மன்னார்குடி நண்பர் பால்காரரின் கையைச் சுட்டிக்காட்டியது இதனால் எனக்கு மிகவும் பிடித்தது.

தப்பியதை வைத்துத் தகுதியை அளக்கும் பழக்கத்தை நம் மண்ணின் வரலாறும் ஏற்காது. உங்கள் ஊருக்கு அருகே, தரங்கம்பாடியில், ஏழு மாதத்துக்கும் மேலான கடற்பயணத்தில் பிழைத்து 1706 ஜூலை 9 அன்று வந்து இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, சிறையிலும் கிடந்து மீண்டவர். ஆனால் நாற்பது வயதைக் காணாமலே 1719இல் இறந்து, அதற்கு முந்தைய ஆண்டு தாம் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அருளானந்தர் என்று நம் மக்கள் அழைத்த இயேசு சபைக் குரு ஜான் தெ பிரிட்டோ 1686இல் பிடிபட்டு, வதைக்கப்பட்டு, உயிர் தப்பினார். மறுபடி இதே நாட்டுக்கு வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். முதல் முறை தேவன் அவரோடிருந்தார், இரண்டாம் முறை கைவிட்டார் என்று எந்தக் கிறிஸ்தவனும் சொல்வதில்லை. ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொன்ற அதே அதிகாரத்தில்தான் பேதுரு சிறையிலிருந்து வெளியே கொண்டுவரப்படுகிறார். பேதுருவுக்காகக் கூடிய ஜெபக்கூட்டத்தில் யாக்கோபின் வீட்டாரும் இருந்திருப்பார்களோ, பேதுரு கதவைத் தட்டிய இரவில் அவர்கள் மனம் எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை எண்ணியிருக்கிறேன்.

சங்கீதம் 91ஐ நாம் ஆபத்து நேரத்தில் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்தச் சங்கீதத்தைப் பிசாசும் மேற்கோள் காட்டினான் என்பதை மறக்கக் கூடாது. தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, தூதர்கள் உன்னைத் தாங்குவார்கள், குதி என்றான். பாதுகாப்பை ஒருவனுடைய மேன்மைக்கு நிரூபணமாக ஆக்கும் முயற்சியை ஆண்டவர் அங்கேயே மறுத்துவிட்டார்.

திருவாரூர் சகோதரரோடு ஓரளவு உடன்படுகிறேன். நன்றியை மறைக்க வேண்டாம். ஆனால் திரும்பி வந்த அந்தக் குஷ்டரோகி தன் நன்றியைச் சொல்ல இன்னொருவரைத் தாழ்த்தவில்லை. நீங்கள் பேசினால், அண்ணனைப் பற்றியும் பேசுங்கள். உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். வயலுக்குப் போகிறவர்கள் மழைக்குப் பின் எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் அந்தப் பீடத்திலிருந்தே சொல்லுங்கள். அது ஆராதனைக்கு உரியதல்ல என்று யாரும் சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

கேட்டவரின் மறுமொழி: பொறையார் விவசாயி

நால்வருக்கும் என் நன்றி. பதில்களை இரண்டு மூன்று முறை படித்தேன். என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன்.

நேற்று முன்தினம் பால்காரரைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஒரு வாத்தியார் சொன்னது நினைவில் இருந்ததாகவும், அன்று யோசிக்கவே இல்லை என்றும் சொன்னார். நான் கும்பிட்டபோது அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

நேற்று மாலை அண்ணி வீட்டுக்குப் போனேன். சாட்சியாகச் சொல்ல நினைத்ததை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். முதலில் அவர் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை என்றேன். எதிரே வந்த அண்ணனிடம், மனம் சரியில்லை என்பதை நான் சொல்லாமல் போனதையும் சொன்னேன். அது அவருக்கு அதுவரை தெரியாது. வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு எழுதியிருப்பதைப் படி என்றார். படித்தேன். "அவர் தம் வரப்பை விட்டு என் மடைப் பக்கம் ஏன் வந்தார் என்று தெரியவில்லை" என்ற இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

அன்று விடியற்காலை வீட்டை விட்டுக் கிளம்பும்போது அண்ணன் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். தம்பி வயலில் நம் வயலைவிடத் தண்ணீர் அதிகமாக நிற்கிறது, அவன் வருவதற்குள் அவன் மடையையும் சேர்த்து வெட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்று. வழியில் என்னைப் பார்த்தபோதும் அவர் இதைச் சொல்லவில்லை.

அதை எழுதிக்கொள்ளவா என்று கேட்டேன். எழுதிக்கொள் என்றார். தாளில் பெரியவர் சொன்னதற்கு மறுப்பாக நான் எழுதியிருந்த வரிகளையெல்லாம் அடித்துவிட்டேன். அண்ணன் கிளம்பும்போது சொன்னதை அந்த இடத்தில் எழுதியிருக்கிறேன். டிசம்பர் 31 இரவு பேசுவதாகப் போதகரிடம் சொல்லிவிட்டேன். அண்ணியால் அவ்வளவு தூரம் வர முடியாது. மூத்த மகனை அனுப்பிவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.